நாற்பத்தாறு கிலோ

புர்வோகெர்த்தோவில் கல்யாணம் முடிந்தால்
மறுநாள் விடியுமுன் துமினாவுக்குத் தெரிந்துவிடும்
எந்த வீட்டில் கறி மிஞ்சியது,
எந்த வீட்டில் சோறு போதாமல்
கடைசிப் பந்திக்கு அவித்த வாழைப்பழம் வைத்தார்கள் என்று.
வாளிகள் பொய் சொல்வதில்லை.

தகரக் கூரை. எட்டுச் சிமெண்டுத் தொட்டி.
கொசுவலைக் கூண்டுக்குள் சிப்பாய் ஈக்கள்.
கறுத்து, ஒல்லியாய், குளவிச் சாயலில்,
கொட்டத் தெரியாதவை.
கடிக்கவும் வழியில்லை, வாய் பெயருக்குத்தான்.
புழுவாய் இருந்த நாளில் தின்றதை வைத்தே
ஒரு வாரம் பறந்து, வெயிலில் இணைந்து,
அட்டைப்பெட்டியின் வரிப்பள்ளத்தில் முட்டையிட்டுச்
செத்துப்போகும்.
முதல்முறை இதைக் கேட்டபோது துமினா
"சமையல் வேலை மிச்சம்" என்றாளாம்.

புழுக்கள்தான் சாப்பாட்டுராமன்கள்.
பலாச்சடை, அழுகிய பப்பாளி,
சந்தை மீன்குடல்,
விடுதிப் பிள்ளைகள் தொடாத கீரை.
எலுமிச்சைத் தோலைக் கண்டால் மட்டும் முகம் திருப்பும்.
தொட்டியோரம் குனிந்தால்
எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் அடங்குகிற சத்தம்.
கை வைத்தால் காய்ச்சல்காரன் நெற்றி.
வாடை?
இருக்கிறது.
பக்கத்து வீட்டு சூப்ரியோனோ மூன்றுமுறை புகார் கொடுத்தார்,
நாலாம்முறை மிளகாய்ச் செடிக்கு உரம் கேட்டு வந்தார்.

இந்த ஞாயிறு வாளிகள்
மெலாத்தி மண்டபத்திலிருந்து வந்தன.
வண்டிக்காரப் பையன் கிஸ்வோரோ
கண்ணைப் பார்க்காமல் இறக்கினான்.
வழக்கமாய்ச் சொல்லும் வீட்டுப் பெயரைச் சொல்லவில்லை.
ஏழாவது வாளியில் கேக்.
சர்க்கரையில் எழுதிய பெயர் பாதி கரைந்து
"...மன்டோ" மட்டும் மிச்சம்.
அந்தக் கடைசி எழுத்துகளை
ஒன்பது வருஷம் சலவைக்கடைச் சீட்டில்
அவள்தான் எழுதிக்கொண்டிருந்தாள்.

"வேண்டாமென்றால் குப்பைமேட்டில் கொட்டிவிடுகிறேன், அக்கா."

துமினா தராசைத் துடைத்தாள்.
வாளியின் எடை கழித்து நாற்பத்தாறு கிலோ.
ரெண்டாங் துண்டுகள் பெரியவை, சிக்கனம் பார்க்கவில்லை.
அவள் கல்யாணத்தில் கோழிதான்,
அதிலும் பாதி கழுத்தெலும்பு.
ஒரு துண்டை எடுத்து முகர்ந்தாள்.
லவங்கம் கொஞ்சம் தூக்கல்.

ஐந்தாம் தொட்டி. பதினோரு நாள் வயதுப் புழுக்கள்,
பசியின் உச்சம்.
கொட்டினாள்.
ஒரு நிமிஷம் சோறு சோறாகவே கிடந்தது.
பிறகு அடியிலிருந்து யாரோ மூச்சு விடுவதுபோல்
மேடு தளர்ந்தது,
கேக் ஒரு பக்கமாய்ச் சாய்ந்தது,
ம போயிற்று, ன் போயிற்று, டோ போயிற்று.

அழுதாள் என்று எழுதினால் பொருத்தமாய் இருக்கும்.
ஈரம் அதிகம் என்று
இரண்டு முறம் மரத்தூள் வாரிப் போட்டாள்.

திங்கள் மாலை மிஞ்சியது
எலும்பு, ஒரு பிளாஸ்டிக் ரோஜா, மண்டபத்துக் கரண்டி ஒன்று.
கரண்டியைக் கழுவி இழுப்பறையில் போட்டாள்.
அங்கே ஏற்கெனவே முப்பத்தொன்று கிடக்கிறது.
மண்டபத்தார் கேட்டால் கொடுப்பாள்.
கேட்டதில்லை.

அடுத்த வாரம் ஒரு ராத்திரி
புழுக்கள் கறுத்துத் தின்பதை நிறுத்தின.
உலர்ந்த இருட்டைத் தேடிச்
சரிவுப் பலகையில் தாமாகவே ஏறி
விளிம்பு தாண்டிப் பீப்பாயில் விழுந்தன.
டொப். கொஞ்சம் கழித்து, டொப்.
இரவுத் தொழுகை முடித்துப் படுத்தவள்
நூறுவரை எண்ணிவிட்டுத் தூங்கிப்போனாள்.

தொட்டியில் நின்றது கரிய துகள்,
காப்பித்தூள் மாதிரி, கையில் ஒட்டாமல்.
இதில் கல்யாணம் எவ்வளவு, சந்தை எவ்வளவு,
புழுவின் தோலுரி எவ்வளவு,
சலித்துப் பிரிக்கச் சல்லடை கிடையாது.
சூப்ரியோனோவுக்கு ஒரு மூட்டை.
மீதி மலைச்சரிவில் உருளைக்கிழங்கு போடும்
ஒரு பெண்ணுக்கு, பாதி கடனுக்கு.

நோட்டில் ஞாயிற்றுக்கிழமை வரி
பெயர்க் கட்டம் காலியாக இருந்தது.
பேனாவை உதறி உதறி
முழுப்பெயரையும் எழுதினாள்,
மணப்பெண் பெயரைக் கிஸ்வோரோவிடம் கேட்டு
அதையும்.
குறிப்பு என்ற பத்தியில்:
லவங்கம் தூக்கல்.